அசகுசாவில் முள்ளங்கிப் பிள்ளையார்

ஞாயிறு காலை பத்தரை மணி. தோக்கியோவின் கிழக்கே நிஷி கசாய் நிலையத்தில் தோசாய் தடத்து ரயிலுக்காக நிற்கிறார் கோவைக்காரர் ஒருவர். வயது முப்பதைத் தொட்டிருக்கும். ஒரு வங்கியின் மென்பொருளைப் பராமரிப்பது வேலை. வாரநாட்களில் இதே ரயிலில் ஏறினால் தன் கை எங்கே இருக்கிறது, பை எங்கே போனது என்று அவருக்கே தெரியாது. கொரோனாவுக்கு முன், இந்தத் தடத்தில் கிபாவுக்கும் மொன்சென் நகாச்சோவுக்கும் நடுவே காலை நேர ரயில்கள் கொள்ளளவில் 199 சதவீதக் கூட்டத்தைச் சுமந்து ஓடின. ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் கிடைக்கிறது. பாதி உல்லாசப் பயணம் அங்கேயே முடிந்துவிடுகிறது என்று சொல்லலாம்.

நிஷி கசாயில் இந்தியர்கள் வந்து சேர்ந்த கதைக்கும் இந்த ரயில்தான் காரணம். 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தேதியைத் தப்பாகப் படித்துவிடும் என்று உலகம் பயந்ததே, அந்தப் பிழையைத் திருத்த 1990களின் இறுதியில் இந்தியப் பொறியாளர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். வங்கிகள் இருக்கும் ஓத்தேமாச்சிக்கும் நிஹோம்பாஷிக்கும் இங்கிருந்து ரயில் மாறாமல் போகலாம். இன்னொரு வசதியும் இருந்தது. அரசு சார்ந்த யு.ஆர். அடுக்குமாடிகளில் ஜாமீன்தாரர் கேட்பதில்லை. தனியார் வீட்டுக்காரர்கள் பலர் வாங்கும் ‘ரெய்கின்’ என்ற நன்றிப் பணமும் அங்கே கிடையாது. வீட்டைக் கொடுத்ததற்கு நன்றியாகக் கொடுக்கும் பணம் அது, திரும்பி வராது. நம்மூரில் அட்வான்ஸைத் திருப்பித் தராத வீட்டுக்காரர்கள் உண்டுதான், ஆனால் இத்தனை நாகரிகமான பெயரை அவர்கள் யோசித்ததில்லை.

அவர் கையில் இருப்பது 24 மணி நேர மெட்ரோ டிக்கெட். தேதியைப் பார்க்காமல், முதன்முறை கதவைத் தாண்டிய நிமிடத்திலிருந்து கணக்கு வைக்கும் டிக்கெட் இது. சனிக்கிழமை மாலை ஒரு வேலையாக வெளியே போனபோது அதைத் தொடங்கிவைத்தார். ஞாயிறு மாலை வரை ஓடும். நிஹோம்பாஷியில் கின்சா தடத்துக்கு மாறுகிறார். ஆசியாவின் முதல் சுரங்க ரயில் இதுதான். 1927 டிசம்பர் 30 அன்று உயேனோவுக்கும் அசகுசாவுக்கும் இடையே வெறும் 2.2 கிலோமீட்டரில் தொடங்கியது.

அசகுசாவில் எல்லோரும் முதலில் போய் நிற்கும் இடம் ‘காமினாரிமோன்’ என்ற இடிவாசல். இவரும் நின்றார். வாசலில் தொங்கும் சிவப்புக் காகித விளக்கின் எடை சுமார் 700 கிலோ. அதன் அடியில் பித்தளைப் பட்டையில் மத்சுஷிதா நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. 1865இல் தீக்கிரையான வாசல் 95 ஆண்டுகள் வெற்றிடமாகவே கிடந்தது. பானசோனிக்கைத் தொடங்கிய கோனோசுகே மத்சுஷிதாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது இங்கே அவருக்காக வேண்டிக்கொண்டார்கள். குணமானதும் 1960இல் அவர் வாசலைக் கட்டிக்கொடுத்தார். வானொலியும் சலவை இயந்திரமும் விற்றவரின் நேர்த்திக்கடன்!

உள்ளே சென்சோஜி கோயிலில் இருப்பவர் கன்னோன், அதாவது அவலோகிதேசுவரர். 628இல் சுமிதா ஆற்றில் மீன்பிடித்த அண்ணன் தம்பி வலையில் சிலை சிக்கியது என்பது தலபுராணம். (அகத்தியர் தமிழ் கற்றது இந்த அவலோகிதரிடம்தான் என்கிறது வீரசோழியம். அதனால் அவரை அந்நியர் என்று சொல்ல முடியாது.) நூறு யென் போட்டு, உலோகப் பெட்டியைக் குலுக்கிக் குச்சி எடுத்து, அந்த எண்ணுக்குரிய இழுப்பறையிலிருந்து குறிச் சீட்டை எடுக்கலாம். கெட்ட பலன் நிறைய வரும் என்று பெயர் வாங்கிய கோயில் இது. அவருக்கும் கெட்டதே வந்தது. சீட்டை அங்கிருக்கும் கம்பியில் கட்டிவிட்டால் கெடுதல் அங்கேயே தங்கிவிடுமாம். கட்டிவிட்டு நகர்ந்தார்.

சாப்பாடுதான் சிக்கல். அவர் கவுச்சி தொடாதவர். ‘சோபா’ என்ற நூடுல்ஸ் விற்கும் கடையில் காய்கறி மட்டும் போட்ட கிண்ணம் கிடைக்கும். ஆனால் அதன் சாறு, காயவைத்த மீனைச் சீவிக் கொதிக்கவைத்த ‘தாஷி’. கடைசியில் சின்னக் கடை ஒன்றில் உமெபோஷி வைத்த சோற்று உருண்டை இரண்டு. உப்பில் ஊறிய புளிப்புப் பழம். ஊறுகாய்ச் சோறு என்று நினைத்துக்கொண்டால் இறங்கிவிடும். உறையைப் போடத் தெருவில் குப்பைத்தொட்டி இல்லை, பைக்குள்ளேயே போகிறது.

கூட்டம் இடிவாசலோடும் கோயிலோடும் நின்றுவிடுகிறது. ஆற்றோரமாக வடக்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஒரு சிறு மேடு. அதன் மேல் மத்சுச்சியாமா ஷோதென். படியெங்கும் முள்ளங்கிச் சின்னம். ஒன்றையொன்று தழுவிய இரண்டு முள்ளங்கிகள், பக்கத்தில் ஒரு சுருக்குப்பை. இங்கே குடியிருப்பவர் காங்கிதென். நம் பிள்ளையார்தான். சீனா வழியாகப் பௌத்த மந்திர மரபோடு வந்தவர். யானை முகத்தோடு ஆணும் பெண்ணுமாக இருவர் தழுவி நிற்கும் உருவம். அதனால் யாருக்கும் காட்டுவதில்லை, திரைக்குப் பின்னாலேயே இருக்கிறார். பூசகர்கள் மட்டும் மறைவாக, சூடாக்கிய எண்ணெயை உருவத்தின் மேல் ஊற்றி வழிபடுகிறார்கள். எண்ணெய்க்காப்பு என்று நாம் சொல்வதை ஆயிரம் ஆண்டுக்கு மேலாக விடாமல் வைத்திருக்கிறார்கள்.

அருகம்புல்லும் கொழுக்கட்டையும் கடல் தாண்டவில்லையா என்றால், கொழுக்கட்டை தாண்டியிருக்கிறது. கியோட்டோவில் இன்றும் ‘தாங்கி’ என்ற பலகாரம் செய்கிறார்கள்: பருப்புப் பூரணத்தில் வாசனைப் பொருள் ஏழு சேர்த்து, மாவில் சுருக்குப்பைபோல முடிந்து, நல்லெண்ணெயில் பொரிப்பது. மோதகத்தின் பேரன். இந்தக் கோயிலிலோ படையல் முள்ளங்கி. மனிதனுக்குள் இருக்கும் கோபம் என்ற நஞ்சை அது குறிக்கிறதாம். அதைப் படைத்துவிட்டால் நஞ்சைச் சாமி வாங்கிக்கொள்கிறார். திங்கட்கிழமை அலுவலகக் கூட்டத்தை நினைத்தபடி அவரும் ஒன்று வாங்கிப் படைத்தார். நல்ல கனம், முழங்கை நீளம்.

மணி ஒன்று. ஊரில் ஒன்பதரை. வெளியே வந்து அம்மாவுக்கு வீடியோ அழைப்பு.

“ஏங்கண்ணு, சாப்ட்டியா?”

“ஆச்சுங்மா. பிள்ளையார் கோயிலுக்கு வந்தனுங்மா.”

“அங்க ஏது பிள்ளையாரு? எங்க, காட்டு பாக்கலாம்.”

“காட்ட மாட்டாங்கங்மா. திரைக்குப் பின்னால இருக்கறாரு. முள்ளங்கிதான் வெச்சுக் கும்புடறாங்க.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலில் அவர் பார்க்காத படையலா! “முள்ளங்கியா?” என்றார். “அப்பறம் அதைய என்ன பண்றாங்க?”

நல்ல கேள்வி. படைத்து இறக்கிய முள்ளங்கிகளைப் பக்தர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். சமைத்துச் சாப்பிட்டால் அருள் உடம்போடு சேரும் என்பது நம்பிக்கை. அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டார். கணினி வைக்கும் முதுகுப்பையில் அது முழுதாக அடங்கவில்லை, ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கின்சா தடத்தில் எதிரே உட்கார்ந்திருந்த மூதாட்டி முள்ளங்கியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், லேசாகத் தலைவணங்கினார். இவரும் வணங்கினார்.

நிஷி கசாயில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே இந்திய மளிகைக் கடைக்கு நடந்தார். வீட்டில் துவரம்பருப்பு இருந்தது, புளி தீர்ந்துபோயிருந்தது.