மீள நிறுவுதல் தீர்வாகுமா?

அலுவலகக் கணினியொன்று பழுதுற்றதும் முதலில் எழும் குரல், ‘அழித்துவிட்டு மீள நிறுவுங்கள்’ என்பதாகும். அதனைத் தொடர்ந்து எழும் குரல், ‘பாவித்தவர் எதையோ கெடுத்துவிட்டார்’ என்பதாகும். முன்னையது நோய்க்கு மருந்து எனவும், பின்னையது நோய்க்குக் காரணம் எனவும் கொள்ளப்படுகின்றன. இவ்விரண்டும் ஒரே அறியாமையின் இரு முகங்களே என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரிய நிறுவனமொன்றிலே ஒவ்வொரு கணினியாகச் சென்று இறுவட்டினைச் செருகி மென்பொருளை நிறுவுவது இயலாத காரியம். எனவே சேவையகமொன்றில் ஒரு மூலப்பிரதி வைக்கப்படுகின்றது. எந்த அம்சம் வேண்டும், எது வேண்டாம் என்னும் தெரிவுகள் தனிக்கோப்பொன்றில் எழுதப்படுகின்றன. கணினிகள் யாவும் வலையமைப்பின் வழியே அப்பிரதியை அத்தெரிவுகளுடன் பெற்றுக்கொள்கின்றன. 1999இல் வெளிவந்த மைக்ரோசொப்ட் ஒபிஸ் 2000 ‘விண்டோஸ் இன்ஸ்டோலர்’ என்னும் நிறுவு முறையைக் கைக்கொண்டதோடு இவ்வழக்கம் ஒரு திட்டமான வடிவத்தைப் பெற்றது. தெரிவுகளைக் கொண்ட கோப்பு, மூலப்பொதியை உருமாற்றுவதால், ‘உருமாற்றுக் கோப்பு’ என்னும் பொருள்பட அழைக்கப்பட்டது. ஏற்பாடு நன்று. ஆனால் அது பழுதுறும்போது பழுதின் இருப்பிடம் பெரும்பாலும் இலிகிதரின் மேசையன்று என்பதே இங்கு மறக்கப்படும் உண்மை.

முதலாவது சான்றினை நோக்குவோம். இம்முறையில் ஓர் அம்சத்தை உடனே நிறுவாது, ‘முதற் பாவனையின்போது நிறுவுக’ எனக் குறித்து வைக்கலாம். மாதங்கள் பல கழிந்தபின் இலிகிதர் அவ்வம்சத்தை அழுத்துகின்றார். கணினி மூலப்பிரதியைத் தேடிச் செல்கின்றது. இடைக்காலத்தில் சேவையகத்தின் பெயர் மாற்றப்பட்டிருக்கலாம். கோப்புறை வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டிருக்கலாம். வேண்டிய கோப்புகளைக் காணவில்லை எனக் கூறும் 1706ஆம் இலக்க வழு திரையில் தோன்றுகின்றது. அழுத்தியவர் இலிகிதர், ஆகவே குற்றவாளியும் அவரே என முடிவு கட்டப்படுகின்றது. உண்மையிலோ, பழைய பாதையை மீட்டுக் கொடுத்தாலோ, மாற்று மூலங்களின் பட்டியலைத் தொடக்கத்திலேயே குறித்து வைத்திருந்தாலோ, இவ்வழு எழுந்திருக்காது.

இரண்டாவது சான்று இதனிலும் நுட்பமானது. உருமாற்றுக் கோப்பு முதன்முறை நிறுவும்போது மாத்திரமே செயற்படும். பின்னர் அக்கோப்பினை எவ்வளவு திருத்தினாலும், ஏற்கெனவே நிறுவப்பட்ட கணினிகளில் அத்திருத்தம் சென்று சேராது. இதற்கெனவே ஒபிஸ் எக்ஸ்பி, ஒபிஸ் 2003 ஆகியவற்றுக்குத் தனியானதொரு பராமரிப்புக் கருவி வழங்கப்பட்டது. இதனை அறியாத பொறுப்பாளர் கோப்பினைத் திருத்திவிட்டு, மாற்றம் தோன்றாத கணினிகளைப் ‘பழுதானவை’ என்கின்றார். பழுதுற்றது கணினியன்று, அதனைப் பற்றிய அவரது கருத்தே.

மூன்றாவது, மூலப்பிரதிக்கே ஒட்டுத் திருத்தம் இடுவதால் விளையும் சிக்கல். மூலப்பிரதி புதுப்பிக்கப்பட்டுவிடுகின்றது, அதிலிருந்து பிறந்த கணினிகளோ பழைய நிலையிலேயே நிற்கின்றன. பின்னர் அவை பழுதுபார்க்கவோ புதிய அம்சத்தைப் பெறவோ மூலத்தை நாடும்போது இரண்டும் பொருந்துவதில்லை. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகியோருக்கு இது புதிய செய்தியன்று. தாய்ச்சுவடியைத் திருத்தியவன் படிகளைத் திருத்தாது விட்டால் பாடபேதம் தோன்றவே செய்யும். அதன் பொருட்டுப் படியெடுத்தவனை ஏசும் பதிப்பாசிரியர் எவருமிலர்.

‘அலுவல்கள் தேங்கிக் கிடக்கும்போது ஆராய்ச்சிக்கு நேரமேது? மீள நிறுவினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுமே’ என்பர் சிலர். இவ்வாதம் முற்றாகப் புறக்கணிக்கத்தக்கதன்று. மேலே கூறிய மூன்றாவது சிக்கலுக்கு, புதிய மூலத்தினின்றும் உட்பொதியைப் புதுப்பித்து மீள நிறுவுவதே முறையான பரிகாரம். ஆயின் அது காரணத்தை அறிந்தபின் தெரிந்தெடுக்கப்படும் பரிகாரமாகும். காரணமறியாது செய்யும் மீள்நிறுவலோ, பழுதுற்ற மூலத்திலிருந்து அதே பழுதினை மறுபடியும் கொண்டுவந்து சேர்க்கின்றது. அன்றேல், எங்கிருந்தோ பெற்ற இறுவட்டினால், ஏனையவற்றோடு ஒவ்வாத தனிக் கணினியொன்றைப் படைத்துவிடுகின்றது. அத்துடன், நடந்தவற்றை ஒவ்வோர் அடியாகக் குறித்துவைக்கும் பதிவேட்டினை எழுதும் வசதி விண்டோஸ் இன்ஸ்டோலருக்கு உண்டு. அப்பதிவேட்டில் ‘ரிட்டேர்ன் வெல்யூ 3’ என்னும் தொடரைத் தேடி, அதற்குச் சற்று மேலுள்ள வரிகளை வாசித்தால், எந்தச் செயலில் நிறுவல் முறிந்தது என்பது பெரும்பாலும் புலனாகும். அதனை வாசிக்கச் சில நிமிடங்களே போதும். வாசிக்கும் பழக்கமே இல்லை.

‘இவையெல்லாம் பழங்கதை, இன்று முறை மாறிவிட்டது’ என்பது மற்றொரு வாதம். முறை மாறியது மெய்தான். ஒபிஸ் 2007 பழைய மூலப்பிரதி முறையைக் கைவிட்டு, தெரிவுகளை ஒட்டுக் கோப்பாக எழுதும் கருவியைத் தந்தது. ஒபிஸ் 2019 ‘கிளிக்-டு-ரன்’ என்னும் முறையில் மாத்திரமே வெளிவந்தது. அதன் தெரிவுகள் எக்ஸ்.எம்.எல். கோப்பொன்றில் எழுதப்படுகின்றன. எனினும் சிக்கலின் இயல்பு மாறவில்லை. அக்கோப்பில் மூலப்பாதையைக் குறிக்காது விட்டால் நிறுவு கருவி தான் இருக்கும் கோப்புறையிலே தேடும். அங்கே இல்லையெனில் இணையத்தை நாடும். இணைய வசதி மட்டுப்படுத்தப்பட்ட அலுவலகத்தில் இதன் விளைவு யாதாகும் என்பதைக் கூறவேண்டியதில்லை. 32 பிட் ஒபிஸ் இருக்கும் கணினியில் 64 பிட் ஒபிஸைச் சேர்த்து நிறுவ முனைந்தாலும் நிறுவல் மறுக்கப்படும். ஒபிஸ் 2016, 2019 ஆகியவற்றுக்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. அவற்றை விட்டுப் புதியதற்கு மாறும் ஒவ்வோர் அலுவலகமும் இக்கேள்விகளை எதிர்கொண்டே ஆகவேண்டும்.

இது வெறும் தொழில்நுட்ப விடயமன்று. அதிகாரம் பற்றிய விடயமுமாகும். ஓர் அம்சத்தைக் கிடைக்காததாக்கி, மறைத்து, பூட்டியும் வைக்க ஒபிஸின் தனிப்பயனாக்கம் இடமளித்து வந்துள்ளது. மறைத்தவர் ஒருவர்; மறைக்கப்பட்டதை அறியாது தேடி அலைபவர் வேறொருவர்; அவர் தேடி முடியும்வரை கரும மேசையின் முன் காத்து நிற்பவர் பொதுமகன். தெரிவு செய்தவர் இடமாற்றம் பெற்றுச் செல்லும்போது, எதற்காக அவ்வாறு தெரிந்தார் என்னும் அறிவும் அவரோடு சென்றுவிடுகின்றது. எஞ்சியிருப்போர் அறியாமைக்கு வாரிசுகளாகின்றனர். பழி மாத்திரம் கீழ்நோக்கிப் பாய்கின்றது.

ஆகவே வேண்டப்படுவது புதிய கருவியன்று, பழையதொரு ஒழுக்கமே. மூலப்பிரதி எங்குள்ளது, எவ்வெத் தெரிவுகள் செய்யப்பட்டன, எவை மறைக்கப்பட்டன, யார், என்று, ஏன் செய்தார் என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் முதலில் ஒரு பரீட்சார்த்தக் கணினியில் செய்து பார்க்கப்படல் வேண்டும். பழுது நேரின், அழிப்பதற்கு முன் பதிவேடு வாசிக்கப்படல் வேண்டும். மறைக்கப்பட்டவை பற்றிப் பாவனையாளருக்கு அறிவிக்கப்படல் வேண்டும். இவற்றுள் எதற்கும் பணம் வேண்டியதில்லை.

காரணத்தை ஆராயாது அழித்து எழுதும் பழக்கம் கணினியோடு நின்றுவிடுவதில்லை. அது ஒரு நிறுவனத்தின் சிந்தனை முறையாகவே மாறிவிடுகின்றது. பழுதினை வாசிக்க மறுப்பவர், அடுத்த பழுதுக்கும் இன்றே நாள் குறித்துக் கொடுக்கின்றார்.