தம்பூராவே உரைகல்

1915ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுக் காலம் அமெரிக்காவின் ஊர்கள்தோறும் ஒரு விநோதமான பரீட்சை நடந்துவந்தது. தாமஸ் எடிசனின் கம்பெனியார் தாங்கள் செய்த இசைத்தட்டு யந்திரத்தை மேடையில் வைத்து, அந்தத் தட்டில் பாடியிருந்த பாடகியையே அதன் பக்கத்தில் நிற்கச் செய்து, தட்டும் பாடகியுமாக மாறி மாறிப் பாடிக்கொண்டிருக்கையில் திடீரென்று அரங்கின் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். மீண்டும் விளக்கு எரியும்போது பாடகி மேடையில் இருக்கமாட்டார். பாட்டு மட்டும் தடையின்றி நடந்துகொண்டிருக்கும். அவர் எப்போது நிறுத்தினார், யந்திரம் எப்போது தனித்து ஒலித்தது என்று அறியாத சபையோர் பிரமித்துக் கரகோஷம் செய்வார்கள். மின்சார முறையில் ஒலிப்பதிவு செய்வதே 1925இல்தான் வழக்கத்துக்கு வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த அற்புதம் எப்படி நிகழ்ந்தது என்று வியப்பாக இருக்கிறது. அந்தப் பரீட்சைகளில் பங்குகொண்ட ஆன்னா கேஸ் என்ற பாடகியே பிற்காலத்தில் ரகசியத்தை வெளியிட்டார்: தட்டிலிருந்து வரும் குரலின் தன்மைக்கு ஒப்பத் தம் குரலை அமைத்துக்கொண்டு பாடினாராம். ஆகவே அங்கே அனுகரணம் செய்தது பாடகியே அன்றி யந்திரம் அன்று.

நூறாண்டு கழிந்த பின்னும் அந்தப் பிரமை நம்மை விட்டுப் போகவில்லை. ஹை-எண்ட் என்று இத்துறையினர் சொல்லும் உயர்விலை ஒலிச்சாதனங்களை விற்கும் கடைக்குள் நுழைந்தால், கண்ணாடி போல் மெருகேற்றிய ஸ்பீக்கர்களையும், இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய ஆம்ப்ளிஃபயர்களையும், வெறுமனே இணைக்கும் வேலையைச் செய்யும் கேபிளுக்கு ஒரு மோட்டார் சைக்கிளின் விலை எழுதியிருப்பதையும் காணலாம். வித்வான் நம் கூடத்திலேயே வந்து உட்கார்ந்து பாடுவார் என்ற வாக்குறுதியும் தவறாமல் கிடைக்கும். ஆனால் அந்தக் கூடத்தைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. வித்வானை எந்த விதமாகப் பதிவு செய்தார்கள் என்பதைப் பற்றியோ, விற்பவருக்கும் கவலை இல்லை, வாங்குபவருக்கும் கவலை இல்லை. இந்த இரண்டு முனைகளையும் மறந்துவிட்டு நடுவில் இருக்கும் பெட்டிகளுக்கு மட்டும் திரவியத்தைக் கொட்டுவது விவேகமாகாது என்பது என் அபிப்பிராயம்.

பெட்டிகளில் வித்தியாசமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள பேதம் உண்மையானது, பெரியது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் பணியாற்றிய ஃபிளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி, ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்து, எது எந்தக் கம்பெனியுடையது, என்ன விலை என்று அறியாத நிலையில் பலரைக் கேட்கச் செய்தபோது, அவர்களுடைய தீர்ப்புகள் ஆச்சரியப்படும்படி ஒத்திருந்தன. தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எதையும் கூட்டாமல் குறைக்காமல், நேரே மட்டுமன்றிப் பக்கங்களிலும் ஒரே சீராக ஒலியைப் பரப்பும் ஸ்பீக்கரையே அவர்கள் விரும்பினார்கள். எடிசனின் இருட்டு ஏமாற்றுவதற்குப் பயன்பட்டது; டூலின் திரை உண்மையைத் தெரிந்துகொள்வதற்குப் பயன்பட்டது. அப்படிப்பட்ட திரைக்குப் பின்னால் கேபிள்களை நிறுத்துவதற்கு அவற்றின் வியாபாரிகள் ஏன் உற்சாகம் காட்டுவதில்லை என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஸ்பீக்கரை இணைப்பதற்குப் போதிய கனமுள்ள செப்புக்கம்பி போதும்.

ஆம்ப்ளிஃபயரின் வாட் கணக்கிலும் இப்படியொரு மயக்கம் உண்டு. 50 வாட்டுக்குப் பதிலாக 100 வாட் வாங்கினால் ஒலி இருமடங்காகும் என்று பலர் எண்ணுகிறார்கள். கிடைப்பது 3 டெசிபெல்தான், காதுக்கு இருமடங்காகத் தோன்றுவதற்கோ ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும். அவ்வாறே, 1982இல் வெளிவந்த சி.டி. வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து வைப்பதால், மனிதச் செவியின் உச்ச எல்லையாகிய 20,000 அதிர்வுகள் வரை அதில் அடங்கிவிடுகிறது. அதற்கும் மேலே உள்ளதைக் கேட்கத்தான் என்று சொல்லிச் சில உயர்விலைச் சாதனங்களை விற்கிறார்கள். இத்தகைய சாதனத்தை வாங்குவதற்கு வேண்டிய பணம் ஒருவருக்குச் சேர்கிற வயதில், அந்த உச்சஸ்தாயி ஒலிகள் பெரும்பாலும் அவருடைய காதை விட்டு விடைபெற்றுப் போயிருக்கும் என்பது வேறு விஷயம்.

இனி அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1895இல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஃபாக் கலைக்கூடத்தின் புதிய விரிவுரை மண்டபத்தில், பேசுகிற ஒரு வார்த்தை ஐந்து வினாடிக்கு மேல் எதிரொலித்துக்கொண்டே நின்று அடுத்து வரும் வார்த்தைகளோடு கலந்து குழம்பியதால், யாருடைய பிரசங்கமும் யாருக்கும் விளங்காமற் போயிற்று. பரிகாரம் காணும்படி இளம் பேராசிரியரான வாலஸ் சபைன் என்பவரைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் ஓர் ஆர்கன் குழலை வைத்துக்கொண்டு, பக்கத்து நாடக அரங்கின் ஆசன மெத்தைகளை இரவுதோறும் சுமந்து வரச் செய்து, இத்தனை மெத்தை பரப்பினால் இத்தனை வினாடி ஒலி நிற்கிறது என்று பொறுமையாக அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி அனுப்பி, இப்படிப் பல நாள் உழைத்து, ஓர் அறையில் ஒலி நின்று தேயும் காலம் அந்த அறையின் கனபரிமாணத்தையும் அதிலுள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் சக்தியையும் பொறுத்தது என்ற விதியைக் கண்டார். 1900இல் திறக்கப்பட்டு இன்றும் உலகத்தின் சிறந்த சங்கீத மண்டபங்களில் ஒன்றாகப் போற்றப்படும் பாஸ்டன் சிம்பொனி ஹால், அவருடைய ஆலோசனையைக் கேட்டுக் கட்டியது.

நம்முடைய இன்றைய வீடுகளை இந்த விதியைக் கொண்டு பார்த்தால் மனம் சோர்கிறது. கிரானைட் தரை, பூசிய கான்கிரீட் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல் ஆகிய எவையும் ஒலியை உறிஞ்சுவதில்லை. வந்ததை அப்படியே திருப்பி அனுப்புகின்றன. கைதட்டிப் பார்த்தால் கணகணவென்று ஓர் ஓசை சுவருக்குச் சுவர் தாவுவது கேட்கும். அந்த ஓசையைத்தான் பாடகரின் ஒவ்வொரு வல்லெழுத்தின் மேலும் நாம் பூசிக் கேட்கிறோம். இது போதாதென்று அறையின் நீள அகலங்கள் வேறு குறுக்கிடுகின்றன. 15 அடி நீளமுள்ள அறை, வினாடிக்கு ஏறக்குறைய 38 அதிர்வுள்ள ஒலியையும் அதன் மடங்குகளையும் தானாகவே ஊதிப் பெருக்குகிறது. நீளமும் அகலமும் சமமாகிவிட்டால் இரண்டின் பெருக்கங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஒரு சில தாழ்ந்த ஸ்வரங்கள் மட்டும் வீங்கி, மற்றவை மெலிந்து, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் விழும் குமுக்கி என்ற தாழ்ந்த நாதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காலப்பிரமாணமே தளர்ந்தாற்போல் தோன்றும். இதை எந்த விலையுள்ள ஆம்ப்ளிஃபயராலும் நிவர்த்தி செய்ய முடியாது.

கனமான திரைச்சீலை, தரைவிரிப்பு, பஞ்சு வைத்த நாற்காலிகள், ஒழுங்கில்லாமல் புத்தகம் அடுக்கிய அலமாரி ஆகியவற்றால் பெரும்பகுதி குறை தீரும். ஸ்பீக்கர்களைச் சுவரோடு சுவராகவோ மூலையிலோ ஒதுக்காமல் இரண்டு மூன்று அடி முன்னே இழுத்து, அவை இரண்டும் கேட்பவருமாக ஒரு சமபக்க முக்கோணம் அமையும்படி உட்கார வேண்டும். இல்லத்தரசியின் சம்மதம் பெறுவதுதான் இதில் கடினமான பகுதி. புத்தக அலமாரியை மட்டும் எப்படியாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

அறையைச் சீர்செய்தபின் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கக் கடைக்குப் போனால், அங்கே பரிசோதனைக்காகக் கடைக்காரர்கள் போட்டுக் காட்டும் பாட்டு பெரும்பாலும் ஈகிள்ஸ் குழுவினரின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’வாகவோ, மேல்நாட்டுப் பாடகி ஒருவர் மைக்கோடு உதட்டை ஒட்டி வைத்துப் பாடிய மெல்லிய ஜாஸ் பாட்டாகவோ இருக்கும். நல்ல பதிவுகள்தாம், குற்றமில்லை; எந்தச் சாதனத்திலும் அவை நன்றாகவே ஒலிக்கும் என்பதுதான் குற்றம். நம்மவர்களிடம் அதைவிடக் கூர்மையான உரைகல் இருக்கிறது. தம்பூராவின் ஒரு தந்தியை மீட்டினால் அதன் அடிப்படை ஒலியைக் காட்டிலும் அதன் மேல் அடுக்கடுக்காக எழும் உபஸ்வரங்களே ஓங்கி நிற்கின்றன. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தை அசையாத கணுவாக உடைய உபஸ்வரம் எழலாகாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகிய மேதைகளின் பெயரால் வழங்கும் விதி. வளைந்த குதிரையும் அதன்மேல் தந்திக்கடியில் வைக்கும் ஜீவாளி நூலும் சேர்ந்து தம்பூராவில் அந்த விதியைப் பொய்யாக்குகின்றன என்று சர் சி. வி. ராமன் 1921இல் எழுதினார். மிருதங்கத்தைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். மற்றத் தோல்வாத்தியங்கள் பெரும்பாலும் இசைவற்ற சப்தங்களையே எழுப்ப, வலப்பக்கமான வலந்தலையின் நடுவிலுள்ள கரிய பூச்சின் பாரம் அதன் உபஸ்வரங்களைத் தந்திவாத்தியத்தினுடையவை போல் இசையச் செய்கிறது என்று காட்டினார்.

ஆகவே நான் கடைக்குப் போனால் தம்பூரா தெளிவாகப் பதிந்த ஒரு தட்டையே கேட்பேன். உச்ச ஒலிகளைச் செயற்கையாகத் தூக்கிக் காட்டும் ஸ்பீக்கரில் அது சீறும். நடுஸ்தாயி வறண்ட ஸ்பீக்கரில் வெறும் ரீங்காரமாகத் தேய்ந்துவிடும். நல்ல ஸ்பீக்கரில், மீட்டிய பிறகும் ஒரு தந்தியின் நாதம் தனக்குள்ளேயே நிறம் மாறி மாறி, மந்தரத் தந்தியிலிருந்து ஓர் அந்தர காந்தாரம் தானாக எழும்பி மறைவது கேட்கும். நல்ல சாதனத்தின் பிரயோஜனம் இதுதான் என்று நினைக்கிறேன். 1963இல் எம். எஸ். சுப்புலக்ஷ்மி பாடி வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதத்தைக் கோயில் ஒலிபெருக்கியிலும் தேநீர்க் கடையிலும் ஆயுள் முழுதும் கேட்டவர்கள், அதையே சீரான அறையில் நல்ல ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டால், கூடப் பாடும் ராதா விஸ்வநாதனின் குரல் எந்த இடத்தில் எம். எஸ். குரலோடு இழைகிறது, எங்கே நூலிழையளவு விலகி நிற்கிறது என்பதை முதல் தடவையாக அறிவார்கள்.

துரதிர்ஷ்டம் என்னவென்றால், இப்படிக் கேட்கத் தகுந்த கர்நாடக சங்கீதப் பதிவுகள் வரவரக் குறைந்துகொண்டே போகின்றன. பழைய 78 வேகத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷந்தான் இடம். கீறல் ஓசையும் உண்டு. ஆயினும் ஒரே மைக்கின் முன்னால் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் தங்கள் பலத்தைத் தாங்களே நிதானித்துக்கொண்டு உட்கார்ந்ததால், அவற்றில் ஒரு கச்சேரியின் உருவம் இருந்தது. இன்றோ பாடகருக்கு வாயருகே ஒரு மைக், வயலினுக்கு உடலோடு ஒட்டிய ஒரு மைக், மிருதங்கத்துக்கு இருபுறமும் ஒவ்வொன்று. தம்பூராவின் இடத்தில் மின்சாரச் சுருதிப்பெட்டி. இவ்வளவையும் அரங்கின் ஒலிபெருக்கிக்காகக் கலந்த அதே கலவையையே கம்பி வழியாக வாங்கிப் பதிவு செய்து, சத்தத்தின் ஏற்ற இறக்கங்களையெல்லாம் சமமாக இடித்து நிரவி வெளியிடுகிறார்கள். வயலின் தகரத்தில் உராய்வது போல் இருக்கிறது. மிருதங்கம் பாடகரின் மடியில் இருப்பது போல் இருக்கிறது. மண்டபம் என்ற ஒன்று இருந்ததாகவே தெரிவதில்லை. சாதாரண ரேடியோவில் இந்த அலங்கோலம் மறைந்துவிடும். உயர்ந்த சாதனமோ ஒன்றையும் மறைக்காது. லட்சக்கணக்கில் செலவிட்ட ரசிகர் கடைசியில் நம் சங்கீதத்தைக் கைவிட்டு மேல்நாட்டுத் தட்டுகளைத் தேடிப் போவதற்கு இதுவே காரணம்.

இதற்குப் பரிகாரம் புதிதன்று. இரண்டு செவிகளுக்கு இரண்டு வழிகளில் ஒலியைப் பதிவு செய்யும் முறைக்கு ஆலன் புளும்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931இலேயே விண்ணப்பித்து உரிமை பெற்றார். ஒரே இடத்தில் குறுக்காக வைத்த இரண்டு மைக்குகளே அவருடைய முறைக்கு வேண்டியவை. கச்சேரிகளை நடத்தும் சபாக் காரியதரிசிகளை நான் வேண்டிக்கொள்வது அதைத்தான்: அரங்கின் ஒலிபெருக்கிக்கு என்ன ஏற்பாடு செய்தாலும் செய்யுங்கள், மேடைக்கு முன்னால் சில அடி தள்ளி அப்படி இரண்டு நல்ல மைக்குகளைத் தனியாக நிறுத்தி, அவற்றில் வருவதை யாரும் கைவைக்காமல் காப்பாற்றுங்கள். ஒலிபெருக்கியே இல்லாமல் சிறு மண்டபத்தில், உண்மையான தம்பூராவோடு, ஒரு கச்சேரியாவது வைக்க முடிந்தால் இன்னும் உத்தமம். கேபிளுக்குக் கொடுக்க எண்ணியிருக்கும் பணத்தை அந்தக் கச்சேரியின் செலவுக்குத் தர முன்வரும் ரசிகர்கள் சென்னையில் சிலராவது இருப்பார்கள்; வருகிற மார்கழியில் ஏதேனும் ஒரு சபா இதைச் செய்து பார்க்கட்டும்.