பிள்ளைக்குச் சத்துக் குறைவா? ரத்த டெஸ்ட் மட்டும் போதாது!

குழந்தைகளின் சத்துக் குறைவை ரத்தத்தில் உள்ள புரதத்தை வைத்து முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? டாக்டர்கள் 50 ஆண்டுக்கும் மேலாக அலசி வரும் கேள்வி இது.

தராசு ஏமாறும்!

அடுத்த குழந்தை வந்ததும் தாய்ப்பால் இல்லாமல் வாடும் பிள்ளையை நம் ஊரில் 'சவலை' என்பார்கள். ஆப்பிரிக்காவில் கானா மக்களும் இதே பொருளில் 'குவாஷியோர்கர்' என்றார்கள். 1935-ல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் இந்தப் பெயரை மருத்துவ உலகுக்குச் சொன்னார்.

இந்த நோயில் கால் நீர் கோத்து வீங்கும். பிள்ளை கொழுகொழு என்று தெரியும். தராசும் ஏமாந்து போகும்!

அதனால்தான் ரத்தத்தைப் பார்த்தார்கள். ஆல்புமின், பிரீ ஆல்புமின் என்ற புரதங்களை ஈரல் தயாரிக்கிறது. ரத்தத்தில் ஆல்புமின் பாதியாகக் கழிய சுமார் 20 நாள். பிரீ ஆல்புமினுக்கு 2 நாள்தான். சாப்பாடு குறைந்தால் இது சட்டென்று இறங்கிக் காட்டிக் கொடுக்கும் என்று நம்பினார்கள். 1970-களில் உகாண்டா, செனகல் நாடுகளில் குழந்தைகளிடம் ஆராய்ச்சி நடந்தது.

சிக்கல் எங்கே?

நிமோனியா போன்ற தொற்று நோய் வந்தாலும் இந்தப் புரதங்கள் இறங்கிவிடும். வயிறாரச் சாப்பிடும் பிள்ளைக்கும் இதே கதிதான். எலும்பும் தோலுமாகக் கிடக்கும் பிள்ளைக்கோ ஆல்புமின் 'நார்மல்' என்று வருவதும் உண்டு!

'இவை உடம்பின் அழற்சியைக் காட்டுமே தவிர, சத்துக் குறைவை அளக்க உதவாது' என்று அமெரிக்காவின் 'ஆஸ்பென்' ஊட்டச்சத்து சங்கம் 2021-ல் கையை விரித்துவிட்டது.

என்னதான் வழி?

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 5 வயதுக்கு உட்பட்ட 100 குழந்தைகளில் 32 பேருக்கு எடை குறைவு. தமிழ்நாட்டில் 22 பேர். இத்தனை பேருக்கும் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது நடக்கிற காரியமா?

மாதாமாதம் அங்கன்வாடியில் எடை போட்டால் போதும். கார்டில் கோடு ஏறாமல் நின்றாலே அது முதல் எச்சரிக்கை.

6 மாதம் முதல் 5 வயது வரை மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கடும் சத்துக் குறைவு. இரண்டு பாதங்களையும் கட்டைவிரலால் 3 விநாடி அழுத்திப் பார்க்க வேண்டும். குழி விழுந்து அப்படியே நின்றால், எடை எவ்வளவு இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

டாக்டர் எழுதிக் கொடுத்தால் ரத்த டெஸ்ட் எடுக்கலாம். 'பிள்ளைக்குச் சத்து இருக்கா' என்று பார்க்க மட்டும் லேபுக்குப் போவது வீண் செலவு. அந்தக் காசுக்கு முட்டையும் பருப்பும் வாங்கலாம்!