பிரான்சில் படிக்கப் போறீங்களா? ரோமிங் பேக்கை நம்பாதீங்க!

முத்தியால்பேட்டையிலிருந்து பிரான்சுக்குப் படிக்கக் கிளம்புவது புதுச்சேரிக்குப் புதிதல்ல. பெட்டி கட்டும் வாரத்தில் வீட்டில் யாராவது ஒருவர், ‘எதுக்கும் ரோமிங் பேக் போட்டுக்கோப்பா’ என்பார். முதல் இரண்டு நாளுக்குச் சரி. மாதக்கணக்கில் என்றால் தண்டச்செலவு.

ஏனென்றால் அங்கே போட்டி பலமானது. 2012 ஜனவரியில் ‘ஃப்ரீ மொபைல்’ நான்காவது நிறுவனமாக நுழைந்து 2 யூரோவுக்கே ஒரு பிளான் தந்தது. மற்ற மூன்றும் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. 2016-ல் ஜியோ வந்தபோது இங்கே பார்த்த அதே கதைதான். காலக் கட்டுப்பாடு இல்லாத உள்ளூர் சிம்மே மாணவருக்குப் போதும். 2017 ஜூனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங் கூடுதல் கட்டணமும் இல்லை. லீவுக்கு ஜெர்மனி போனாலும், குறிப்பிட்ட அளவு வரை, அதே சிம் ஓடும்.

அதுக்காக ஊர் சிம்மைத் தூக்கிப் போட்டுடாதீங்க. வங்கி ஓடிபி அதில்தான் வரும். 90 நாள் பயன்பாடும் இல்லை, 20 ரூபாய் இருப்பும் இல்லை என்றால் ப்ரீபெய்டு எண் போய்விடலாம். டிராய் விதி அப்படி. ரோமிங் டேட்டாவை அணைத்துவிட்டு, எஸ்எம்எஸ்ஸுக்காக மட்டும் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைக்க வேண்டியிருக்கிறது.

உண்மையில் டேட்டாவைவிடத் தலைவலி இதுதான். வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு எல்லா வங்கிகளும் மின்னஞ்சலிலோ ஆப்பிலோ ஓடிபி அனுப்பினால், இந்த இரண்டாவது சிம்முக்கு அப்பா மாதாமாதம் ரீசார்ஜ் போடத் தேவையிருக்காது.