காசு கட்டினால்தான் தமிழா?



இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிவிட்டு, அம்மா வந்து உட்கார்ந்து ரிமோட்டை எடுக்கிறார். நேற்றுவரை வந்த தமிழ் அலைவரிசை இன்று வரவில்லை. அந்த எண்ணை அழுத்தினால் வெறும் திரை, அதில் ஒரு வரி அறிவிப்பு. அதுவும் தமிழில் இல்லை. மகன் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போடுகிறான். இருபது நிமிடம் பாட்டுக் கேட்கிறான். கடைசியில் ஒருவர் வந்து, "உங்கள் பேக்கில் அது இல்லை, இன்னொரு பேக் எடுத்தால் வேறு தமிழ் சேனல் கிடைக்கும்" என்கிறார்.

இது உங்கள் வீட்டுக் கதைதானே? ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியிலும் ஜெலுத்தோங்கிலும், பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் இதே கதைதான்.

"சீரியல் போனால் போகட்டும், இதற்கெல்லாம் உரிமைப் போராட்டமா?" என்று நம்மிலேயே சில படித்தவர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ஆங்கிலச் செய்தி ஓடும், கைப்பேசியில் நான்கு செயலிகள் இருக்கும். அவர்களுக்கு எதுவும் போகவில்லை. தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறிய ஒரு தாய்க்கு நாட்டு நடப்பு தெரிய வழி எது? 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததே, நினைவிருக்கிறதா? எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது, ஊசி எப்போது என்று தினம் ஓர் அறிவிப்பு. நாள்தோறும் சுகாதாரத் தலைமை இயக்குநர் மலாயில் எண்ணிக்கை சொன்னார். நம் வீட்டுக் கிழவிகள் பேரப்பிள்ளையிடம் "என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்போது யாரும் சீரியல் கேட்கவில்லை. தமக்குப் புரிகிற மொழியில் ஒரு குரலைக் கேட்டார்கள்.

இது எப்படி இப்படி ஆனது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

என் அப்பா துறைமுகத் தொழிலாளி. நாங்கள் வாங்கிய முதல் தொலைக்காட்சிப் பெட்டி இரண்டாம் கைப் பெட்டி. அந்தக் காலத்தில் தொலைக்காட்சி வைத்திருந்தால் ஆண்டுக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். 1990-களின் கடைசிவரை அந்தக் கட்டணம் இருந்தது. மலாய்க்காரர் கட்டினார், சீனர் கட்டினார், என் அப்பாவும் அதே 24 வெள்ளியைக் கட்டினார். தமிழர் என்பதற்காக யாரும் அவருக்கு ஒரு காசு குறைத்து வாங்கவில்லை! அதற்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது 1969-இல் தொடங்கிய டிவி2-வில் தமிழ்ச் செய்தி, எப்போதாவது ஒரு தமிழ்ப் படம், பண்டிகை வந்தால் ஒரு கலை நிகழ்ச்சி. தமிழ்ப் படம் போடும் நாளில் பக்கத்து வீட்டாரும் வந்து எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். இடம் போதாது. அது ஒரு சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்டியது முழுக் கட்டணம், கிடைத்தது ஓரத்தில் ஒரு துண்டு.

1984-இல் டிவி3 வந்தது, 1998-இல் என்டிவி7, 2004-இல் 8டிவி, 2006-இல் டிவி9. எல்லாம் இலவசமாகப் பார்க்கக் கூடியவை. சீன மொழிக்கு 8டிவி என்று ஓர் இடம் அமைந்தது. நல்லது, அவர்கள் வாங்கிக்கொண்டது அவர்கள் உரிமை, அதில் நமக்குப் பொறாமை இல்லை. தமிழுக்கு அப்படி ஒரு வீடு கிடைக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

1996-இல் அஸ்ட்ரோ வந்தது. வானவில் வந்தது. பிறகு சென்னை அலைவரிசைகள் வந்தன. நாம் கை தட்டினோம், கூரையில் தட்டு மாட்டினோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுக்கு நேராகத் துணைக்கோளம் வழி ஒளிபரப்பும் தனியுரிமையை 2017 வரைக்கும் அந்த ஒரு நிறுவனத்திடமே அரசாங்கம் கொடுத்து வைத்திருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டு! சந்தையில் ஒரே மீன் கடை இருந்தால் விலையும் அவன் சொல்வதுதான், மீனும் அவன் வைப்பதுதான். தமிழ் அலைவரிசை வேண்டுமென்றால் முதலில் அடிப்படைத் தொகுப்பை வாங்கு, அதன் மேல் இந்தியத் தொகுப்பை வாங்கு என்ற பழக்கம் அந்த ஆண்டுகளில் வேர் பிடித்தது. பார்ப்பது இரண்டு அலைவரிசை, கட்டுவது ஐம்பதுக்கு. 2012-இல் மாதக் கட்டணம் இல்லாத என்ஜோய் வந்தபோது கொஞ்சம் மூச்சு விட்டோம். ஆனால் அதிலும் விரும்பிய தமிழ் அலைவரிசை வேண்டுமானால் காசு போட்டுத்தான் திறக்க வேண்டும்.

அந்த வணிகர்களைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. வணிகன் வணிகம்தான் செய்வான். அலைவரிசை நடத்துகிறவருக்கும் அதைக் கொண்டுவந்து தருகிறவருக்கும் ஒப்பந்தம் உண்டு. அந்த ஒப்பந்தம் முடிந்து விலை படியவில்லை என்றால் அலைவரிசை போய்விடும். விளம்பரக் கம்பெனிக்காரன் கணக்கில் நம் மக்கள் வாங்கும் சக்தி குறைந்தவர்கள், அதனால் நம் அலைவரிசைதான் முதலில் வெட்டுப்படும். நீங்கள் கையெழுத்துப் போட்ட சந்தா பாரத்தின் பின்பக்கத்தைப் படித்திருக்கிறீர்களா? யாரும் படிப்பதில்லை, படிக்கிற அளவுக்கு எழுத்தும் பெரிதாக இருக்காது. அலைவரிசைகளைச் சேர்க்கவும் மாற்றவும் நீக்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒரு வரி இருக்கும். அவர்கள் நடுவில் நீக்கலாம், நீங்கள் நடுவில் நிறுத்தினால் மீதி மாதத்துக்கும் கட்டணம்! ஒரு பக்கம் மட்டும் கட்டுகிற கயிறு இது.

தாயகத்தில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி. தமிழ்நாட்டில் கேபிள் கம்பி யார் கையில் இருக்கிறது என்பதே பெரிய அரசியல். 2011 செப்டம்பரில் அங்கே அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குத் தொடங்கப்பட்டபோது, அதிகம் பேர் பார்க்கும் சன் குழும அலைவரிசைகள் அதில் இல்லை. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் மண்ணிலேயே இரண்டு பெரியவர்கள் மோதினால் ஏழையின் திரைதான் இருட்டாகிறது. ஆனால் அங்கே கம்பி அறுந்தாலும் தமிழ் சாகாது, தெரு முழுக்கத் தமிழ் இருக்கிறது. இங்கே?

அலைவரிசை கிடைக்காதவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? பெட்டி வாங்குகிறார்கள். யாரோ ஒரு தம்பி கொண்டுவந்து மாட்டிவிட்டு, "அக்கா, ஒரே தடவை காசு, உலகத்துத் தமிழ் சேனல் எல்லாம் வரும்" என்கிறான். வருகிறது, மறுக்கவில்லை. ஆறு மாதத்தில் நின்றும் போகிறது. தம்பி போனை எடுப்பதில்லை. சட்டம் படித்தவன் என்ற முறையில் இதில் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, திருட்டு ஒளிபரப்புக்கான கருவியை விற்பதும், விற்க வைத்திருப்பதும், மற்றவருக்குக் கொடுப்பதும் குற்றம். அபராதம் 10,000 வெள்ளியிலிருந்து 200,000 வெள்ளிவரை, சிறை 20 ஆண்டுவரை. கமிஷனுக்காகப் பக்கத்து வீடுகளுக்கு இரண்டு மூன்று பெட்டி வாங்கிக் கொடுக்கும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருக்கிறார்களா? பெரிய கும்பல் தப்பிவிடும், மாட்டுவது பிறையில் பகுதி நேரம் பெட்டி விற்கிற பையன்தான். தாய்மொழியில் செய்தி பார்க்க ஓர் ஏழைக் குடும்பம் சட்டத்தின் ஓரத்தில் நடக்க வேண்டியிருக்கிறது. அதை நினைத்து வெட்கப்பட வேண்டியவர் அந்தத் தாய் அல்ல.

அப்படியானால் யார்? அரசாங்கம்தான். மின்னல் எஃப்எம்மைப் பாருங்கள். ஆர்டிஎம் நடத்துகிற வானொலி, நாள் முழுக்கத் தமிழ், காசு இல்லை. வானொலியில் முடிந்தது தொலைக்காட்சியில் ஏன் முடியவில்லை? முன்பு கேட்டால் அலைக்கற்றை இல்லை என்று ஒரு காரணம் சொல்ல முடிந்தது. 2019-இல் நாடு முழுவதும் பழைய ஒளிபரப்பை நிறுத்தி மின்னிலக்கத்துக்கு மாற்றினார்கள். மின்னிலக்கத்தில் முன்பு ஓர் அலைவரிசை ஓடிய இடத்தில் பல அலைவரிசைகள் ஓடும். அந்தக் காரணம் அன்றே செத்துவிட்டது. இடம் கிடைத்ததும் ஆர்டிஎம் என்ன செய்தது? 2020-இல் செய்திக்கென்று ஒரு தனி அலைவரிசை தொடங்கியது. அடுத்து விளையாட்டுக்கு ஒன்று. பந்துக்கு ஒரு அலைவரிசை உண்டு, தமிழுக்கு இல்லை! டிவி2-வில் ஒரு மூலை போதும் என்று இன்னும் நினைக்கிறார்கள்.

கடல் தாண்டிக்கூடப் போக வேண்டாம், ஜோகூர் பாலம் தாண்டினால் போதும். சிங்கப்பூரில் இந்தியர்கள் நூற்றுக்கு 9 பேர் அளவில்தான். பினாங்கில் நாமும் ஏறக்குறைய பத்தில் ஒருவர். அங்கே 2008 அக்டோபரிலிருந்து வசந்தம் தனி அலைவரிசையாக, இலவசமாக, நடக்கிறது. "அங்கே தமிழ் ஆட்சிமொழி, இங்கே அப்படியில்லையே" என்று நம் தலைவர்களே நமக்குப் பதில் சொல்வார்கள், எனக்குத் தெரியும். நம் அரசியலமைப்பின் 152-ஆம் பிரிவை அவர்கள் முழுதாகப் படித்ததில்லை. தேசிய மொழி மலாய் என்று சொல்கிற அதே பிரிவு, மற்ற சமூகங்களின் மொழிப் பயன்பாட்டையும் கல்வியையும் பாதுகாத்து நிலைநிறுத்த மத்திய, மாநில அரசுகளுக்கு உள்ள உரிமை குறையாது என்றும் சொல்கிறது. சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது, உள்ளே போக மனம்தான் இல்லை.

1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தையும் பாருங்கள். அதன் 3-ஆம் பிரிவில் தேசியக் கொள்கை நோக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. உள்நாட்டுப் பண்பாட்டுப் பிரதிநிதித்துவத்தை வளர்ப்பதும், எல்லாருக்கும் நியாயமாக, கட்டுப்படியாகும் விலையில் சேவை கிடைக்கச் செய்வதும் அவற்றில் உண்டு. இதை வைத்து நாளைக்கே வழக்குப் போட்டு வெல்லலாம் என்று நான் ஏமாற்றமாட்டேன். கொள்கை நோக்கம் வேறு, நீதிமன்றத்தில் நிற்கும் உரிமை வேறு. ஆனால் ஒளிபரப்பு உரிமம் அமைச்சர் கையெழுத்தில்தான் வருகிறது. உரிமத்துக்கு நிபந்தனை போட முடியும். அடிப்படைத் தொகுப்பிலேயே ஒரு தமிழ்ச் செய்தி அலைவரிசை இருக்க வேண்டும் என்று போட முடியும். கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் வேல்ஸ் என்ற நாட்டில், 1981 கணக்கெடுப்பில் வேல்ஷ் மொழி பேசியவர்கள் சுமார் 5 இலட்சம் பேர்தான். தனி அலைவரிசை தருகிறோம் என்று சொல்லிவிட்டு தாட்சர் அரசாங்கம் பின்வாங்கியது. மக்கள் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்ட மறுத்தார்கள். க்வின்ஃபோர் எவன்ஸ் என்ற தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று 1980-இல் அறிவித்தார். உண்ணாவிரதம் தொடங்கும் முன்பே அரசாங்கம் இறங்கி வந்தது. 1982 நவம்பரில் அவர்கள் அலைவரிசை திரைக்கு வந்தது. மலேசியாவில் தமிழ் பேசுகிறவர்கள் அவர்களைவிட அதிகம். நம் தலைவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம், தீபாவளி விருந்தில் அமைச்சர் பக்கத்தில் உட்காரும்போது ஒரு தடவை வாயைத் திறந்தால் போதும்.

நம் மேலும் ஒரு குற்றம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அலைவரிசை போனால் சென்னைத் தொடரின் கதை என்ன ஆனதோ என்று கவலைப்படுகிறோம். நம் ஊர்த் தோட்டப் பிரச்சினை, நம் பிள்ளைகளின் பள்ளி, நம் பினாங்குக் கலைஞன், இவையெல்லாம் திரையில் இல்லையே என்று எத்தனை பேர் கோபப்பட்டோம்? ஆகவே நாம் கேட்க வேண்டியது இன்னொரு சென்னை அலைவரிசையை மட்டும் அல்ல. இந்த நாட்டில், இந்த நாட்டுத் தமிழர் செய்கிற, செய்தியும் குழந்தை நிகழ்ச்சியும் நாடகமும் உள்ள, காசில்லாமல் வருகிற ஓர் ஆர்டிஎம் அலைவரிசையைக் கேட்க வேண்டும்.

இனி உங்கள் வேலை. வீட்டில் அலைவரிசை போயிருந்தால் போனில் திட்டுவதோடு நிறுத்தாதீர்கள். எந்த நாளில் போனது, முன்கூட்டியே அறிவித்தார்களா, கட்டணம் குறைத்தார்களா என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். மாத பில்லையும் ஒப்பந்தத்தையும் தூக்கி எறியாதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், பதில் வராவிட்டால் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கு. காசு நட்டம் என்றால் பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுப் போட்டுப் பார்க்கலாம். அங்கே வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, என் தொழிலுக்கு நட்டமானாலும் சொல்கிறேன்.

அலைவரிசைக் கோரிக்கையை மட்டும் தனியாக, தகவல் தொடர்பு அமைச்சருக்கும் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். அவர் எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள். தமிழில் எழுதத்தான் வரும் என்றால் தமிழிலேயே எழுதிக் கொண்டுவாருங்கள். மலாய்ப் பிரதியை நாங்கள் தயாரித்துத் தருகிறோம். கையெழுத்துப் போடும்போது வீட்டில் இருக்கும் பாட்டியின் பெயரை விட்டுவிடாதீர்கள். கையெழுத்து வராதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மை எங்களிடம் இருக்கிறது.