வேலையிடத்திலேயே ஒரு வகுப்பறை வேண்டும்

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவை நிர்வகித்துவந்த செவிலியர் எரின் ரீலிக்கு ஓயாத தொல்லை ஒன்று இருந்தது. கையுறை, ஊசிக்குழல், கட்டுத்துணி என்று ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் நிரப்பிவைக்கும் வேலைக்கு ஆள் நிலைப்பதில்லை. வருகிறவர்கள் கொஞ்ச நாளில் கிளம்பிவிடுவார்கள். அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று அவர் யோசித்தார். சிறப்புக் கல்வியாளர் சூசி ருட்கௌஸ்கி உடன் வந்தார். 1996இல் தொடங்கிய அந்த முயற்சியின் பெயர் 'ப்ராஜெக்ட் சர்ச்'. இன்று அது பல நாடுகளில், பல நூறு நிறுவனங்களில் நடக்கிறது.

அதன் நடைமுறை எளிது. பள்ளிப்படிப்பின் கடைசி ஆண்டில் மாணவர்கள் பள்ளிக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்கு வருகிறார்கள். அங்கேயே அவர்களுக்கு ஒரு வகுப்பறை, அங்கேயே ஒரு சிறப்பாசிரியர். காலையில் சிறிது நேரம் பாடம்: விடுப்பு வேண்டுமென்றால் யாரிடம் சொல்வது, பொருள் தீர்ந்துபோனால் என்ன செய்வது, மேலாளர் கடிந்துகொண்டால் எப்படி எடுத்துக்கொள்வது. மீதி நேரமெல்லாம் வேலை. ஓராண்டில் மூன்று வெவ்வேறு பிரிவுகளில், ஒவ்வொன்றிலும் சுமார் பத்து வாரம். பக்கத்தில் நின்று பழக்கும் பயிற்சியாளர், மாணவருக்குக் கைபழகப் பழக மெல்ல விலகிக்கொள்கிறார்.

வர்ஜீனியாவில் ஆட்டிசம் உள்ள மாணவர்களிடம் நடந்த ஒரு சோதனை இதன் பலனைக் காட்டியது. முடிவுகள் 2014இல் வெளியாயின. மருத்துவமனையில் இப்படிப் பயின்ற 24 பேரில் 21 பேருக்கு ஊதிய வேலை கிடைத்தது. வழக்கமான பள்ளிப் பயிற்சி பெற்ற 16 பேரில் வேலைக்குப் போனவர் ஒரே ஒருவர். சிறிய ஆய்வுதான்; ஆனாலும் இந்த இடைவெளியைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

தமிழகச் சிறப்புப் பள்ளிகளிலும் தொழிற்பயிற்சி உண்டு. பெரும்பாலும் மெழுகுவர்த்தி, காகித உறை, மிதியடி. பொறுமையோடு கற்பிக்கும் ஆசிரியர்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் காகித உறை ஒட்டக் கற்றவரை யார் வேலைக்கு எடுப்பார்கள்? 'முதலில் தயாராகட்டும், பிறகு வேலை பார்க்கலாம்' என்ற எண்ணத்தால், முப்பது வயதிலும் பயிற்சி மாணவராகவே இருப்பவர்கள் உண்டு. பெற்றோருக்கு வயதாகிக்கொண்டே போகிறது. 'எங்களுக்குப் பிறகு இவன் கதி என்ன?' என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

வகுப்பறைப் பயிற்சி மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பலருக்கு, ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோவது கடினம். பள்ளி மேசையைத் துடைக்கக் கற்றவர், உணவகத்தின் இரைச்சலில், வாடிக்கையாளர் எழுந்துபோன மேசையின் முன் தடுமாறி நிற்கலாம். இது திறமையின்மை ஆகாது. அதே உணவகத்தில், அதே இரைச்சலில் கற்றிருந்தால் அந்தத் தடுமாற்றம் பெரிதும் குறைந்திருக்கும்.

கற்றுக்கொள்ளும் திறன் பற்றிய சந்தேகத்துக்கு 1970களிலேயே மார்க் கோல்டு என்ற அமெரிக்க ஆய்வாளர் விடை சொல்லிவிட்டார். கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று ஒதுக்கிவைக்கப்பட்டவர்களுக்கு, பல உதிரிபாகங்கள் கொண்ட மிதிவண்டி பிரேக்கைப் பொருத்தக் கற்றுக்கொடுத்தார். வேலையைச் சின்னச்சின்னப் படிகளாகப் பிரித்து, ஒரு வழியில் புரியாவிட்டால் வேறு வழியில் காட்டினார். கற்கவில்லை என்றால், கற்பித்த முறையை மாற்ற வேண்டும் என்பதே அவர் கொள்கை.

இந்தியச் சட்டம் பாதி தூரம் வந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் குறைந்தது 4 சதவீத இடஒதுக்கீடு தருகிறது. அதில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ள அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடஒதுக்கீட்டில் இவர்களுக்கு இடமே இல்லை என்பதால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் எழுத்துத் தேர்வு என்ற வாசலைத் தாண்டினால்தானே அந்த இடம்? துணியை அளவு பிசகாமல் மடித்து அடுக்கக்கூடியவரிடம் பொது அறிவு வினாத்தாளை நீட்டுவதில் என்ன நியாயம்?

தனியார் துறையில் சில கதவுகள் திறந்திருக்கின்றன. லெமன் ட்ரீ விடுதிகளில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் உணவு பரிமாறுகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் நடத்தும் 'மிட்டி கஃபே' 2023இல் உச்ச நீதிமன்ற வளாகத்துக்கே வந்துவிட்டது.

தமிழக அரசு தன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலிருந்து தொடங்கலாம். சலவைப் பிரிவு, மருந்துக் கிடங்கு, உணவுக்கூடம், கோப்பு அறை என்று கற்க ஏற்ற இடங்கள் அங்கே நிறைய. ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஓர் அறை, ஒரு சிறப்பாசிரியர், இரண்டு பயிற்சியாளர்கள், பயிற்சிக்கால உதவித்தொகை: பெரிய செலவு இல்லை. ஓராண்டு வேலையில் காட்டிய திறமையையே தேர்வாகக் கொண்டு நியமிக்க விதியைத் திருத்த வேண்டும். சான்றிதழோடு வீட்டுக்கு அனுப்பும் இன்னொரு திட்டமாக இது முடிந்துவிடக் கூடாது. எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்பதை விட்டுவிட்டு, எத்தனை பேர் மற்றவர்களுக்கு நிகரான சம்பளத்தில் வேலையில் இருக்கிறார்கள் என்பதை ஆண்டுதோறும் அரசு வெளியிட வேண்டும்.