பதிவுக்கு முந்தைய சோதனை: பட்டாசு விவரங்களைப் பிளாக்செயினில் ஏற்றுவது குறித்த நிலைப்பாடு

பிளாக்செயின் என்பது ஒரே கணக்கேட்டின் நகல்களைப் பல கணினிகளில் வைத்து, ஒவ்வொரு பதிவையும் முந்தையவற்றோடு பிணைத்து, எழுதியதை ஓசையின்றித் திருத்த இடமளிக்காத முறையாகும். தமிழ்நாடு அரசு 2020-இல் இதற்கெனக் கொள்கை வெளியிட்டு, பின்னர் மின்னாளுமை முகமையின் வழியே ‘நம்பிக்கை இணையம்’ என்ற கட்டமைப்பையும் அமைத்துள்ள நிலையில், பட்டாசு விவரங்களும் இத்தகைய ஏட்டில் ஏறுமாயின், ஏறுமுன் அவை சோதிக்கப்பட வேண்டும் என்பதே மல்லாங்கிணற்றில் இயங்கும், இந்த அறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு.

ஏட்டுக்கு வெளியே நடப்பதை ஏடு தானாக அறியாது. வெளிச்செய்தியை உள்ளே சேர்க்கும் வாயிலை ‘ஆரக்கிள்’ என்பர். ஒரு பட்டாசுப் பெட்டியில், தடைசெய்யப்பட்ட வேதிப்பொருளான பேரியம் இல்லை என அவ்வாயில் சொல்லிவிட்டால், ஆயிரம் கணினிகள் ஒப்பினாலும் உறுதியாவது அக்கூற்று வந்து சேர்ந்தது என்பது மட்டுமே.

பச்சை ஒளிக்கும் எரிதலுக்கும் உதவும் பேரியம் உப்புகளையும், சரவெடியையும் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடைசெய்தது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி வகுத்த கலவையில் செய்த பசுமைப் பட்டாசுகளை அடையாளம் காணப் பெட்டிகளில் கியூஆர் குறியீடும் வந்தது. அதன் பிறகும் பேரியம் கலக்கப்பட்டதையும், மேலுறை விவரம் உள்ளிருந்த வெடிமருந்தோடு பொருந்தாததையும் சிபிஐ அந்நீதிமன்றத்திடம் அறிக்கையாக அளித்தது. தாளில் அச்சான பொய்யைக் கிழித்தெறியலாம். அழியாத ஏட்டில் ஏறிய பொய்யோ அரசு முத்திரை பெற்ற உண்மையாக உலவும்.

எனவே, ஆலை தானே அனுப்பும் மாதிரியை ஏற்காமல், கிடங்கிலும் கடையிலும் முன்னறிவிப்பின்றி எடுத்த மாதிரிகளை ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரு ஆய்வகங்கள் சோதித்து, முடிவுகள் ஒத்திருந்தால் மட்டுமே ‘சோதிக்கப்பட்டது’ என்று பதிய வேண்டும். மற்றவை ‘உற்பத்தியாளர் கூற்று’ என்றே நிற்கட்டும். மாதிரி எடுத்தவர், எடுத்த இடம், நேரம் ஆகியவையும் பதிவோடு சேர வேண்டும். பிழை தெரிந்தால் பழைய பதிவைச் சுட்டும் திருத்தப் பதிவு உடனே ஏற வேண்டும்.

பட்டாசு ஆலைகளின் உரிமப் பதிவுக்கு, ஏறுமுன் சோதிக்கும் இவ்விதி இன்னும் இன்றியமையாதது. உரிமம் ஒருவர் பெயரிலும் வேலை உள்குத்தகைக்காரர் கையிலும் இருக்கும் ஆலையில், ஏட்டிலுள்ள பெயரைவிட வெடிமருந்து அறையில் அன்று எத்தனை பேர், யாருடைய பொறுப்பில் இருந்தனர் என்பதே உயிர்காக்கும் செய்தியாகும். அதை நேரில் சென்று பார்த்த அலுவலரின் கையொப்பமின்றி ஏற்றுவதை இவ்வமைப்பு எதிர்க்கிறது.